எல்லையாக ஓடும் காவிரி: கேள்வி பதில்

மேகேதாட்டுப் பகுதியிலிருந்து மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தொடங்கும் இடம் வரை கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் காவிரியே எல்லை. அந்தக் கரைகளில் பல கோடைகள் நடந்தவன் என்பதால் என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஒகேனக்கல்லில் நின்று பார்த்தால் தெரியும் அக்கரை கர்நாடகமா, ஐயா?

ஆம். காவிரியின் ஏறத்தாழ 800 கிலோமீட்டரில் கர்நாடகத்துக்குள் 320, தமிழ்நாட்டுக்குள் 416, இரண்டுக்கும் பொதுவாக 64 என்று கணக்குச் சொல்வார்கள். இந்த 64-இல் மேற்குக் கரை சாமராஜநகர் மாவட்டம். கிழக்குக் கரையில் கிருஷ்ணகிரியும் தருமபுரியும். இக்கரையில் பகலெல்லாம் மேய்ந்த யானைக் கூட்டம் இரவில் அக்கரையில் நிற்கும்.

மேகேதாட்டு என்றால் என்ன பொருள்?

கன்னடத்தில் 'மேகே' ஆடு, 'தாட்டு' தாண்டுவது. நாம் 'ஆடுதாண்டும் காவிரி' என்கிறோம். ஆடு தாண்டிவிடும் என்று தோன்றும் அளவுக்கு ஆறு அங்கே பாறைப் பிளவுக்குள் ஒடுங்கிப் பாய்கிறது. தண்ணீர் வற்றும் நாளில் பாறை மேல் குனிந்து பாருங்கள்: ஆட்டுக்கல் போல வட்டக் குழிகள், சிலவற்றுக்குள் குழவி போல வழவழத்த கூழாங்கற்கள். சுழல் நீர் அந்தக் கற்களைச் சுழற்றிச் சுழற்றியே பாறையைக் குடைந்திருக்கிறது. 'ஒகே' புகை, 'கல்' பாறை என்பதால் ஒகேனக்கல் 'புகையும் பாறை'. அருவிச் சாரலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆளுயர மீன் இருந்தது என்று தாத்தா சொல்வார். உண்மையா?

உண்மைதான். திமில் மஹசீர் என்ற பெரிய கெண்டை அது. 50 கிலோவுக்கும் மேல் வளரக்கூடியது. காவிரியையும் அதன் கிளை ஆறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. இத்தனை பெரிய மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டு, அழியும் உயிரினங்களைப் பதியும் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்த கையோடு அபாய மணியும் அடித்ததை என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அணைகள் அதன் வழியை மறித்தன. வெடித் தோட்டா போட்டு மீன் பிடிப்பவர்கள் மடுக்களையே அழித்தார்கள். மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. மீன்வளம் பெருகட்டும் என்று வேறு படுகையிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகி, மண்ணின் மீனை ஒதுக்கிவிட்டது. மஹசீர் குஞ்சு விட்டால் போதும் என்று நினைத்தார்கள். எந்த மஹசீர் என்று கேட்கவில்லை.

நீர்நாயை எங்கே பார்க்கலாம்?

முதலில் அதன் கழிப்பிடத்தைத் தேடுங்கள். நீரோரப் பாறையில் மீன் செதிலும் முள்ளும் மின்னும் எச்சம் குவிந்திருக்கும்; நாற்றமே வழி காட்டிவிடும். எச்சம் ஈரமாக இருந்தால் எட்டிப் போய் உட்கார்ந்து காத்திருக்கலாம். ஒரு விடியலில் ஐந்து நீர்நாய்கள் அரைவட்டமாக வந்து மீன்களை ஆழமில்லாத நீருக்கு ஓட்டியதைப் பார்த்தேன். பரிசல் ஓட்டிய அண்ணன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவை போகும் வரை இருவரும் பேசவில்லை.

சாம்பல் நிற அணில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மட்டும்தானே?

இல்லை. காவிரிக் கரையிலும் வாழ்கிறது. நீர்மருதும் புளியும் கிளையோடு கிளை கோத்து நிற்கும் இடங்களே அதன் வீடு. தரையிறங்கத் தயங்கும் உயிர் என்பதால் இடையில் நான்கு மரம் போனாலும் அதன் பாதை அறுந்துவிடும்.

மேகேதாட்டு அணை வந்தால் விலங்குகளுக்குத் தண்ணீர் கிடைக்கும்தானே?

தண்ணீர் இப்போதும் இருக்கிறது. கர்நாடகம் கட்டத் திட்டமிடும் 67 டி.எம்.சி. அணைக்காக மூழ்கப்போவது ஏறத்தாழ 5,000 ஹெக்டேர்; பெரும்பகுதி காடு. நான் சொன்ன நீர்மருதுகள் நிற்பது அந்தத் தாழ்ந்த கரையில்தான். ஓடும் நீரில் பெருகும் மஹசீருக்குத் தேங்கிய நீர் ஆகாது. தமிழ்நாடு 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தது. எதிர்க்கரையில் கர்நாடகத்தின் சரணாலயம் 1987 முதல் இருக்கிறது. இரு கரையையும் காத்துவிட்டு நடுவில் ஓடும் ஆற்றை நிறுத்துவது எனக்கு ஏற்புடையதல்ல.

கோடையில் பிள்ளைகளோடு மணல் திட்டில் இறங்கலாமா?

வேண்டாம், அம்மா. முதலைகள் முட்டையிட்டுக் காவல் காக்கும் காலம் அது. அனுமதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் குளியுங்கள். மணலில் வயிறு இழுபட்ட தடமும் இருபுறமும் நகக் கீறலும் தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.