அடிக்கிற மருந்து எங்கே போகிறது?

கேள்வி: தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு கொசு ஸ்பிரே அடிக்கிறோம். ஆனாலும் காலையில் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் பிள்ளைகளின் கணுக்காலில் கடித்து வைக்கிறது. உரக்கடையில் ஒரு வயல் மருந்தைக் கொடுத்து, தண்ணீரில் கலந்து சுவரில் அடித்தால் ஆறு மாதத்துக்குக் கவலை இல்லை என்கிறார்கள். அடிக்கலாமா? எங்கள் தெருவில் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். டிரம்மில்தான் பிடித்து வைக்கிறோம்.
– மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உரக்கடை மருந்தைத் தொடவே வேண்டாம். வயல் மருந்து திறந்தவெளிக்கென்று தயாரிக்கப்படுவது. அதன் வீரியமும் கரைப்பானும் பிள்ளைகள் கை வைத்து நடக்கிற சுவருக்கு ஆகாது. லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தால் இன்னும் ஆபத்து. ஒரு காலத்தில் வீடுகளில் சகஜமாகப் புழங்கிய டைகுளோர்வாஸ் என்ற பூச்சி மருந்துக்கே 2020 முடிவோடு இந்தியாவில் தடை வந்துவிட்டது. ஆறு மாதக் கணக்கையும் நம்பாதீர்கள்; சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்த மருந்துகள் சீக்கிரமே வீரியம் இழந்துவிடும்.

உங்கள் வீட்டுக் கொசு எது என்பதற்கான துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. காலை நேரம், கணுக்கால், டிரம் தண்ணீர். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது பெரும்பாலும் ஏடிஸ், டெங்கு பரப்புகிற கொசு. ஒன்றை அடித்துப் பாருங்கள். காலில் வெள்ளை வளையங்கள் இருக்கும். காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும்தான் அதிகம் கடிக்கும். இருட்டிய பிறகு வந்து காதில் ரீங்காரமிடுவது கியூலெக்ஸ், சாக்கடைக் கொசு. நீங்கள் ஆறு மணிக்கு அடிப்பது அந்த இரண்டாவதுக்குத்தான் தோது. ஸ்பிரே அந்த நேரத்தில் அறைக்குள் இருப்பதைக் கொல்லும், அவ்வளவே. மறுநாள் காலை வாசல் வழியே வருகிறவற்றை அது ஒன்றும் செய்யாது.

அடிக்கிற இடமும் முக்கியம். பலர் அறை நடுவில் நின்று மேலே பார்த்து அடிக்கிறார்கள். ஏடிஸ் உட்கார்ந்திருப்பதோ கட்டிலுக்கு அடியில், திரைக்குப் பின்னால், கொடியில் தொங்கும் சட்டைகளுக்கு நடுவில், பீரோ இடுக்கில். அந்த இருட்டு மூலைகளில் அடியுங்கள். எத்தனை நொடி என்பதை டப்பாவில் போட்டிருக்கும். அதற்கு மேல் அடித்தால் கொசு கூடுதலாகச் சாகாது, நமக்குத்தான் இருமல் வரும். கதவு ஜன்னலைச் சாத்தி, எல்லோரும் வெளியேறி, கால்மணி நேரம் கழித்து (லேபிளில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அவ்வளவு நேரம்) எல்லாவற்றையும் திறந்து மின்விசிறியைச் சுழலவிட்ட பிறகே பிள்ளைகள் உள்ளே வரலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னும் தாமதித்து வரட்டும். சோறு, குடிநீர்க் குடம் எல்லாவற்றையும் முன்பே மூடிவிடுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்றுக் குழாயையும் நிறுத்துங்கள். இந்த மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம்.

இன்னொன்று, சாமி விளக்கு. சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரமும் ஸ்பிரே அடிக்கிற நேரமும் நம் வீடுகளில் ஒன்றாகத்தான் வரும். டப்பாவிலிருந்து மருந்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் எரியக்கூடிய வாயு. விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எல்லாம் அணைந்த பிறகே அடிக்க வேண்டும்.

கொசு சுருண்டு விழுந்து, சற்று நேரத்தில் எழுந்து பறக்கிறதா? மருந்துக்குப் பழகியிருக்கலாம். உடனே வேறு கம்பெனி டப்பாவை வாங்கிவிடாதீர்கள். பின்பக்கம் படியுங்கள்: டிரான்ஸ்ஃப்ளூத்ரின், சைபர்மெத்ரின், இமிப்ரோத்ரின். ‘த்ரின்’ என்று முடிகிற இவையெல்லாம் ஒரே குடும்பம். சுருளிலும் ஸ்விட்சில் செருகும் திரவத்திலும் இருப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். பெயர் மாறினாலும் கொசுவுக்கு அது பழகிய மருந்து.

இனி டிரம்முக்கு வருகிறேன்; காசை ஸ்பிரேயில் போடுகிற நீங்கள் உழைப்பைப் போட வேண்டிய இடம் அது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அது மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரியும். அதனால் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் வருகிற நாளில், பிடிப்பதற்கு முன், தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்தாலே சங்கிலி அறுந்துவிடும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பழைய வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். நகராட்சி ஊழியர் வந்து கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றினால், வாடை வருகிறதென்று அவர் தெரு முனை திரும்புவதற்குள் கொட்டிவிடாதீர்கள். சரியான அளவில், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், குடிநீரிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்ற மருந்து அது.

ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டையும் இழுத்துப் பாருங்கள்; அதில் தேங்கும் தண்ணீரிலும் ஏடிஸ் முட்டையிடும். ராத்திரிக் கொசுவுக்கு, செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் ஒரு வலைத்துண்டைக் கட்டிவிடுங்கள்.