காசநோய்க்கு மாத்திரை தொடங்கிய பிறகு எத்தனை நாள் வரை பிறருக்குத் தொற்றும்?

புதுச்சேரியில் உங்களோடு இருக்கும் மாமியாருக்கு நுரையீரல் காசநோய் உறுதியாகி, மாத்திரை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது, வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, குழந்தையை எப்போது அவரிடம் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். கடலூர் முதுநகரில் என் அப்பாவுக்கு இதே நோய் வந்து, ஆறு மாதமும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் காசநோயாக இருந்து, மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கிவந்தால், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தொற்றும் தன்மை பெரும்பாலும் நீங்கிவிடும் என்பதுதான் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அந்த மாத்திரையில் உள்ள ஐசோனியாசிட் என்ற மருந்து முதல் இரண்டு நாளிலேயே வேகமாகப் பெருகும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிடுவதால், பலருக்கு இரண்டு வாரம்கூடத் தேவைப்படுவதில்லை; 2024இல் அமெரிக்கக் காசநோய் வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரும்பாலானோருக்கு ஐந்து நாள் முறையான சிகிச்சையே போதும் என்கிறது. சிறு குழந்தை இருக்கும் வீடு என்பதால் நானாக இருந்தால் இரண்டு வாரக் கணக்கையே பிடித்துக்கொள்வேன்.

ஆனால் அந்தக் கணக்கை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் நாங்கள் ஏமாந்தோம். அப்பாவின் எடை 46 கிலோ என்பதால் நான்கு மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை நாளுக்கு மூன்று. குமட்டுகிறது என்று அவர் வாயில் ஒதுக்கிவைத்து, அம்மா நகர்ந்ததும் கொல்லைப் பக்கம் துப்பியிருக்கிறார். நான் தினத்தாள் காலண்டரில் ஒவ்வொரு நாளையும் வட்டமிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நான்கில் ஒன்றான ரிஃபாம்பிசின் உள்ளே போனால் சிறுநீர் செம்மஞ்சளாக இறங்கும் என்று சுகாதாரப் பணியாளர் முன்பே சொல்லியிருந்தார். நான்கு நாளாக அப்படி இல்லையே என்று அம்மாதான் கண்டுபிடித்தார். நான் போட்ட வட்டங்களை அடித்துவிட்டு மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணினோம். மாத்திரைக்குக் கட்டுப்படாத வகைக் காசநோய் என்றால் இந்தக் கணக்கு எதுவுமே செல்லாது. ஆகவே ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டா என்று முதல் சளியிலேயே பார்த்தார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு தவறும் செய்தோம். அப்பாவின் டம்ளரின் அடியில் ஆணியால் கீறி அடையாளம் வைத்து, தட்டு, பாய் எல்லாவற்றையும் தனியாக்கினோம். இந்த நோய் தட்டிலும் டம்ளரிலும் ஒட்டிக்கொண்டு பரவுவதில்லை. இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் உலர்ந்து, அடைத்த அறையின் காற்றில் மணிக்கணக்கில் மிதப்பதால்தான் பரவுகிறது. டம்ளரைப் பிரித்த நாங்கள், பனிக்காற்று ஆகாது என்று அவர் அறையின் சன்னலை மட்டும் இறுக்கிச் சாத்தியிருந்தோம். சன்னலைத் திறந்து, இருமும்போது வாயை மூடச் சொல்லி, இரண்டு வாரம் முகக்கவசம் போடவைத்திருந்தால் அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்வதே ஆபத்து என்பாரும் உண்டு. அதற்கு விடை சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. 1956இல் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நெரிசல் மிகுந்த தங்கள் வீடுகளிலேயே வைத்தும், மற்றவர்களுக்குச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்தும் ஒரே மாதிரியான சிகிச்சையைக் கொடுத்தார்கள். அவர்களுடைய குடும்பத்தாரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் உறவினர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. வீட்டாருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. என் அப்பாவும் இரண்டு மாதம் இருமல் மருந்தைக் குடித்துக்கொண்டே எங்கள் நடுவில்தான் படுத்திருந்தார்.

இரண்டாம் மாத முடிவில் சளியில் இன்னும் கிருமி தெரிகிறது என்று எழுதி வந்தால் உடனே கலங்க வேண்டாம். நுண்ணோக்கியில் செத்த கிருமியும் உயிருள்ள கிருமியும் ஒன்றுபோலவே தெரியும். அதற்காக அலட்சியமும் கூடாது. மருந்து எதிர்ப்பு இருக்கிறதா என்று மறுபடி சோதிப்பார்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் இன்னும் சில நாள் பொறுத்துக் குழந்தையைக் கொடுப்பதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. மாமியார் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே குழந்தை அவர் மடியில் வளர்ந்திருக்கும் அல்லவா? எனவே இந்த வாரமே அவர் மாத்திரை வாங்கும் மையத்துக்குக் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்தை இலவசமாகவே தருகிறார்கள். பிறந்தபோது காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகும் இந்த மருந்து தேவை.