பாப்பா டெலிகிராம்ல க்விஸ் பாட் செய்யுது, விடலாமா நிறுத்தலாமா?

மன்னார்குடி பக்கத்துலேருந்து கேட்ட அண்ணனுக்கு,

நீங்க எழுதுனத முழுசா படிச்சேன் அண்ணே. பாப்பா பிசிஏ ரெண்டாவது வருஷம், ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் சித்தப்பா பையன் குடுத்த பழைய லேப்டாப்ப வச்சுக்கிட்டு ஏதோ தட்டிக்கிட்டே இருக்கு, கேட்டா டெலிகிராம்ல பொது அறிவு கேள்வி கேக்குற பாட், அதாவது தானா மெசேஜ் அனுப்புற ப்ரோக்ராம், பண்றேங்குது, இது சோறு போடுமா இல்ல நிறுத்திட்டு குரூப் 4 கோச்சிங்ல சேத்துவிடட்டுமான்னு கேட்டிருக்கீங்க. நேராவே சொல்றேன், நிறுத்தாதீங்க. அதே சமயம் பாதியில விட்டுட்டு வேற ஒண்ணுக்குத் தாவவும் விடாதீங்க. அந்த பாட்டக் காட்டுன உடனே யாரும் வேலைக்கு ஆர்டர் குடுத்துட மாட்டாங்க, அதுவும் உண்மை. ஆனா அத நாலு பேரு தெனமும் பயன்படுத்துற அளவுக்கு முடிச்சுட்டா, இன்டர்வியூல உக்காந்து சொந்தமா பேசுறதுக்கு பாப்பா கிட்ட விஷயம் இருக்கும். நம்ம பக்கத்து காலேஜ் புள்ளைங்க பலபேரு மார்க் வச்சிருந்தும் தடுமாறுறது அந்த எடத்துலதான்.

இந்த பாட் எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்குப் புரியணும்ல. டெலிகிராம்லயே பாட்ஃபாதர்னு ஒண்ணு இருக்கு, அதுகிட்ட கேட்டா புது பாட்டுக்கு ஒரு டோக்கன் குடுக்கும், அது வீட்டு சாவி மாதிரி, யாரு கையில இருக்கோ அவங்க அந்த பாட்ட ஓட்டலாம். நம்ம எழுதுற ப்ரோக்ராம் அந்த டோக்கன வச்சு டெலிகிராம் சர்வர்கிட்ட போயி யாராச்சும் மெசேஜ் போட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்கும், போட்டிருந்தா கேள்விய அனுப்பும், பதில வாங்கி மார்க் போடும். அவ்ளோதான் கதை. இந்த அளவுக்கு யூடியூப்ல பாத்து யாரு வேணா ஒரே ராத்திரியில செஞ்சுடலாம், இன்டர்வியூ எடுக்குறவங்களுக்கும் அது தெரியும். போதாததுக்கு டெலிகிராம்லயே 2020லேருந்து க்விஸ் போல்னு, ஆப்ஷன அமுக்கி பதில் சொல்ற கேள்வி போடுற வசதி வேற இருக்கு. அப்புறம் பாப்பா என்னத்த புதுசா செஞ்சுதுன்னு கேப்பாங்கல்ல?

அதுக்குப் பதில், நெசமான ஆளுங்க பயன்படுத்தும்போது எது எது ஒடையுதோ அத சரி பண்ணதுல இருக்கு. பாப்பாகிட்ட இத வாசிச்சுக் காட்டுங்க, அதுக்குப் புரியும். கிளாஸ் வாட்சப்புல இருக்குற ஒரு 40 பேர டெலிகிராம் குரூப்புல சேத்து கேள்வி போடச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரும் பதில் அமுக்க அமுக்க பாட் "சரி", "தப்பு"ன்னு தனித்தனியா குரூப்புல மெசேஜ் போட்டா கொஞ்ச நேரத்துல நின்னுடும், ஏன்னா ஒரு குரூப்புக்கு ஒரு நிமிஷத்துக்கு 20 மெசேஜுக்கு மேல பாட்ட அனுப்ப விடமாட்டான் டெலிகிராம்காரன், 429னு எரர் வரும். அப்ப என்ன பண்ணணும்? பதில மொத்தமா சேத்து வச்சுக்கிட்டு நேரம் முடிஞ்சதும் ஒரே மெசேஜா மார்க் லிஸ்ட் போடணும். அதே மாதிரி க்விஸ் போல்ல யாரு என்ன பதில் போட்டாங்கன்னு பாட்டுக்குத் தெரியணும்னா அந்தக் கேள்விய அனுப்பும்போதே அனானிமஸ், அதாவது பேர மறைக்கிற வசதிய, ஆஃப் பண்ணி அனுப்பணும், இல்லாட்டி மார்க்கே போட முடியாது.

பட்டன் வச்சு பண்ணுனா இன்னொண்ணு இருக்கு. ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னாடி வைக்கிற டேட்டா 64 பைட்ட (பைட்டுங்கிறது கம்ப்யூட்டர்ல எடத்த அளக்குற அளவு) தாண்டக்கூடாது. இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு 1 பைட்தான், அதுல பண்றவனுக்கு இது கண்ணுலயே படாது, தமிழ்ல ஒரு குறிக்கு 3 பைட், புள்ளி கொம்பு காலெல்லாம் தனித்தனி குறிதான், கங்கைகொண்டசோழபுரம்ங்கிற ஒரு பேருக்கே 54 பைட் போயிடுது. அதனால பதிலயே பட்டனுக்குள்ள வைக்காம கேள்வி நம்பரும் ஆப்ஷன் நம்பரும் மட்டும் வச்சு, மிச்சத்த டேட்டாபேஸ்ல தேடிக்கணும்.

டைப் பண்ணி பதில் சொல்ற மாதிரி வச்சா, கொள்ளிடம்னு கரெக்டா அடிச்சவனுக்கே தப்புன்னு மார்க் போடலாம் பாட். கொ அப்படிங்கிறதுல கொம்பும் காலும் சேந்த ஒரே குறியாவும் அடிக்கலாம், கொம்பு தனியா கால் தனியாவும் அடிக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. ப்ரோக்ராம் எழுதுற பைத்தான் மொழியில என்எஃப்சிங்கிற முறையில ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்திட்டு ஒப்பிட்டா தீந்துது, ஒரே ஒரு வரி. இந்த ஒரு வரிய ஏன் போட்டேன்னு இன்டர்வியூல சொல்ற புள்ளைய எடுக்குறவன் நிமிந்து பாப்பான் அண்ணே, நெஜமா சொல்றேன்.

ப்ரோக்ராம் கோடவிட எனக்கு முக்கியமா படுறது கேள்விங்க. மேட்டூர் அணை எந்த தேதியில தொறப்பாங்கன்னு ஒரு கேள்வி வச்சு ஜூன் 12னு பதில் போட்டா, உங்கள மாதிரி ஆளு ஒத்துக்குவீங்களா? 2022ல மே 24லயே தொறந்தாங்க, 2024ல ஜூலை கடைசி ஆயிடுச்சு, குறுவை போட முடியாம தவிச்சது உங்களுக்குத் தெரியாததா. அதனால "வழக்கமா" அப்படிங்கிற ஒரு வார்த்தை கேள்வியில இருந்தே ஆகணும். கொள்ளிடம் எங்க பிரியுதுன்னு கேட்டு ஆப்ஷன்ல முக்கொம்பும் கல்லணையும் ரெண்டுமே வச்சா குரூப்புல சண்டைதான், பிரியுறது முக்கொம்புல, ஆனா கல்லணையிலேருந்தும் உபரித் தண்ணிய கொள்ளிடத்துக்கு விடுறாங்க, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் எந்த புக், எந்த பக்கம்னு பாப்பா ஒரு ஷீட்டுல எழுதி வைக்கட்டும், போல்ல விளக்கம் போட 200 எழுத்து வரைக்கும் எடமிருக்கு, அங்க ஒரு வரி காரணம் போடட்டும். கோச்சிங் சென்டர் மெட்டீரியல அப்படியே காப்பி அடிக்க வேணாம், அது அடுத்தவங்க உழைப்பு.

இங்கதான் உங்க குரூப் 4 ஆசையும் சேருது. அந்தப் பரீட்சையில 200 கேள்வி, அதுல 100 தமிழ், பாக்கிதான் பொது அறிவும் கணக்கும். ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் ஸ்கூல் புக்க எடுத்து கேள்வி தயார் பண்ற புள்ள பாதி படிச்ச மாதிரிதானே? பத்தாவது முடிச்சிருந்தா குரூப் 4 எழுதலாம், டிகிரி முடிச்சா குரூப் 2வும் எழுதலாம், கதவு எங்கயும் ஓடிடாது. இப்ப கோச்சிங்னு வாரம் அஞ்சு நாளு பஸ் ஏத்திவிட்டு டிகிரியில அரியர் வாங்க வைக்காதீங்க. அரியர் இல்லாம முடிக்கிறதுதான் மொத கண்டிஷன், அத பாப்பாகிட்ட கண்டிப்பாவே சொல்லுங்க, செமஸ்டர் நேரத்துல பாட்ட ஒரு மாசம் ஓரம் கட்டச் சொல்லுங்க. மேல படிக்கிற எண்ணம் இருந்தா எம்சிஏவுக்கு டான்செட்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதலாம். உடனே வேலைன்னா டெஸ்டிங், சப்போர்ட், பேக்எண்ட் (சர்வர் பக்கத்து ப்ரோக்ராம் வேலை) இந்த மூணு பக்கமும் அப்ளை பண்ணட்டும், தஞ்சாவூர்லயே 2024ல ஐடி கம்பெனிங்களுக்கான மினி டைடல் பார்க் வந்தாச்சு, எல்லாத்துக்கும் சென்னைதான்னு இல்ல.

ரெண்டு எச்சரிக்கை. ப்ரோக்ராம் கோட கிட்ஹப்ல (கோட எல்லாரும் பாக்குற மாதிரி போட்டு வைக்கிற சைட்) போடும்போது டோக்கன் அதுக்குள்ள இருக்கக்கூடாது, தெரியாம போட்டுட்டா பாட்ஃபாதர்கிட்ட போயி பழச ரத்து பண்ணிட்டு புதுசு வாங்கணும். அடுத்து, பணம் கட்டி விளையாடுற க்விஸ்ஸா மாத்திக் குடு, கமிஷன் தர்றோம்னு எவனாச்சும் வந்தா கிட்டயே சேக்காதீங்க. பணம் வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டுக்கு 2025ல மத்திய அரசு தடைச் சட்டமே கொண்டுவந்துடுச்சு, படிக்கிற புள்ளைக்கு அந்த வம்பு வேணாம்.

கடைசியா, வட்டிக்கு வாங்கியாவது புது லேப்டாப் எடுத்துத் தரணுமான்னு கேட்டிருந்தீங்க. வேணாம் அண்ணே. பாட் ஓட்ட பெரிய மிஷினெல்லாம் தேவையில்ல, ஆண்ட்ராய்டு போன்ல டெர்மக்ஸ்ங்கிற ஆப் போட்டே பைத்தான் ஓட்டலாம். அந்தப் பழைய லேப்டாப்புல ரேம் 4 ஜிபிதான்னா, ஏத்துற வசதி அதுல இருந்தா 8 ஆக்கிக் குடுங்க, இப்போதைக்கு அது போதும். சம்பா அறுத்து கையில காசு வந்த பிறகு, மூணாவது வருஷ ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிற நேரத்துல புதுசு வாங்குறத பாத்துக்கலாம்.