கோபுரம் சாய்ந்து விழுகிறதா? ரத்தத்தின் மீட்பர் தேவாலயத்தைப் படமெடுக்க ஒரு வழி

ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இன்னும் இரண்டு நாள் இருப்பதாகவும், இந்தத் தேவாலயத்தை ஃபோனில் எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்வதாகவும் உள்ளே மொசைக் (சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த சுவர்ப்படம்) கலங்கலாக வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சரிசெய்யலாம். சாய்வுக்குக் காரணம், கிட்டே நின்று ஃபோனை அண்ணாந்து பிடிப்பதுதான். கிரிபோயெடோவ் கால்வாய் ஓரமாகவே தெற்கே நடந்து இத்தாலியப் பாலத்துக்குப் போங்கள், அங்கிருந்து ஃபோனை நேராகப் பிடித்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் கோபுரம் நிமிர்ந்து நிற்கும், தண்ணீரில் அதன் பிம்பமும் தெரியும். ஜூன் மாதம் என்பதால் இரவு பத்து மணி வரை வெயில் இருக்கும். சாயங்கால வெளிச்சம் கால்வாய்ப் பக்கச் சுவரில்தான் படுகிறது, அதனால் காலையில் போய் அலையாதீர்கள்.

உள்ளே சுமார் 7,000 சதுர மீட்டருக்கு மொசைக். எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்க ஆசைப்பட்டு அகலக் கோண லென்ஸுக்கு மாறினால் இருட்டில் கலங்கத்தான் செய்யும். சாதாரண லென்ஸே போதும், முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, தங்கநிறம் மின்னும் இடத்தைத் திரையில் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், அப்போதுதான் ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் தனித்தனியாகத் தெரியும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அப்புறம், உள்ளேயே மேற்குப் பக்கம் ஒரு கல் மண்டபம் இருக்கும், 1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் வெடிகுண்டில் படுகாயமடைந்த இடத்தின் பழைய தளக்கற்களை அதற்குள் அப்படியே வைத்திருக்கிறார்கள். மேலே பார்த்தபடியே பலரும் அதைக் கடந்துபோய்விடுகிறார்கள், நீங்கள் குனிந்து அதையும் எடுங்கள்.