வாதநோய் நிபுணரும் எலும்பு டொக்டரும் ஒன்றா?

மூட்டு நோவுக்கு யாழ்ப்பாணத்தில் எல்லோரும் எலும்பு டொக்டரிடம்தான் போகிறார்கள், வாதநோய் நிபுணர் வேறா என்று கேட்டிருக்கிறீர்கள். வேறுதான். எலும்பு டொக்டர் சத்திரசிகிச்சை நிபுணர். முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கிக் கோணச்செய்யும் நோய்), லூபஸ் (உடலின் எதிர்ப்புச்சக்தி உடலையே தாக்கும் நோய்), கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் நோவு) போன்றவற்றை மருந்தாலும் பயிற்சியாலும் பார்ப்பவர் வாதநோய் நிபுணர்.

மருத்துவபீடத்தில் 5 வருடம், 1 வருட உள்ளகப் பயிற்சி, அப்புறம் எம்.டி. என்ற பட்டப்பின் படிப்பு என்று நீண்ட படிப்பு. இலங்கையில் இத்துறையோடு புனர்வாழ்வு மருத்துவமும் சேர்ந்தே வரும்.

ஆனால் படிப்பைவிட, கேள்வி கேட்கிற விதத்தில்தான் நல்ல நிபுணர் யார் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவின் விரல்கள் வீங்கியபோது ஓரிடத்தில் "வயது போனால் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பார்த்த நிபுணர் ஒவ்வொரு விரல்மூட்டையும் மெல்ல அமத்திப் பார்த்தார். "காலமை எழும்பினால் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும் அம்மா? தேங்காய் திருவ ஏலுதோ?" என்றார். அம்மா அழுதுவிட்டார். அவர் அவசரப்படுத்தவில்லை.

அது வெறும் அன்பான பேச்சு இல்லை. காலை விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் மூட்டுத் தேய்மானத்தைவிட, முடக்குவாதம் போன்றவற்றில் வரும் அழற்சியைத்தான் (மூட்டின் உள்வீக்கத்தை) முதலில் சந்தேகிப்பார்கள். முடக்குவாதத்தை நேரத்தோடு பிடித்தால் மூட்டு கோணாமல் காக்கலாம்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெதொட்ரெக்சேட் என்ற மருந்தை அம்மாவுக்கு எழுதியபோது துண்டில் பெரிதாக "வெள்ளி மட்டும்" என்று எழுதி, அம்மாவைக் கொண்டே வாசிப்பித்தார். கிழமைக்கு ஒருமுறை எடுக்கிற அந்த மருந்தைத் தவறுதலாகத் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து.