ஆங்கிலத்தில் 'பாட்டில் அப்' என்பதை மேலதிகாரியிடம் பேசும்போது சொல்லலாமா? 'இட்' எங்கே வரும்?

தாராளமாகச் சொல்லலாம். மனசில் இருப்பதை வெளியே காட்டாமல் ரொம்ப நாளாக உள்ளேயே வைத்திருப்பதற்குத்தான் அது. 'இட்', 'தெம்' வந்தால் கட்டாயம் நடுவில்: 'ஐ பாட்டில்ட் இட் அப்'. 'பாட்டில்ட் அப் இட்' தப்பு. 'மை ஆங்கர்' (என் கோபம்) மாதிரி வந்தால் நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். 'அப்'பை மட்டும் விட்டுவிடாதீர்கள், வெறும் 'பாட்டில்ட் இட்' என்றால் பிரிட்டிஷ்காரர்கள் பேச்சில் பயந்து பின்வாங்கியதாக ஆகிவிடும். சட்டென்று முட்டிக்கொண்டு வரும் அழுகையை அடக்கினால் அதற்கு 'ஹெல்டு பேக் மை டியர்ஸ்'.

நீங்கள் கேட்பதைப் பார்த்தால் வேலை இடத்தில் ஏதோ உறுத்துகிறது, வாயைத் திறக்கத் தயக்கமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படி இருந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் செகண்ட் ஷிப்ட் முடிந்தால் கம்பெனி பஸ் எங்களைச் சூளகிரி தாண்டி ஹைவேயிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து ஊருக்குள் போகிற ரோட்டில் ஒரு லைட் கிடையாது, அப்பா டார்ச்சோடு வந்து நிற்பார், அவருக்கு முடியாத நாளில் நானும் பக்கத்துத் தெருப் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவோம். சூப்பர்வைசரிடம் சொன்னால் "பார்க்கலாம்மா". மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஒருநாள் மீட்டிங்கில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவரே கேட்டார், எல்லோரும் குனிந்துகொண்டார்கள், நான் எழுந்து "சார், வீ ஹேவ் பாட்டில்ட் திஸ் அப் ஃபார் டூ லாங்" என்று ஆரம்பித்துப் பஸ் விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் வண்டி மாரியம்மன் கோயில் வரைக்கும் வர ஆரம்பித்தது.

ஒரு வார்த்தைக்கா பஸ் வந்தது என்று கேட்க ஆள் வருவார்கள், தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. சண்டை போடாமல், கெஞ்சாமல், இவ்வளவு நாள் பொறுத்தோம் என்பதை முதல் வரியிலேயே வைக்க அது எனக்கு உதவியது. அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவள் நான், அதில் எனக்குப் பெருமைதான்.

பஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, ஆனால் மாவட்டத் தலைநகருக்கு இன்னும் ரயில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் வந்துகொண்டிருந்தது, அதையும் அப்போதே நிறுத்திவிட்டார்கள். ஓசூருக்கு வேலைக்குப் போகிற நாங்கள் பஸ்ஸை விட்டால் எதில் போவது? சனிக்கிழமை சாயந்திரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு தொங்கிக்கொண்டு ஏறுகிறவர்களை ஒரு தடவை வந்து பாருங்கள்.

சரி, உங்கள் விஷயம். இது பேச்சு வழக்குச் சொல், அதனால் நேரில் சொல்லுங்கள். மெயிலில் வேண்டாம், அங்கே என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது என்று நேராக எழுதுங்கள்.