ஏர் பிஸ்டல்: எந்தக் குழலுக்கு எந்த பெல்லட்? (கேள்வி-பதில்)

ஒரே பெல்லட்டில் (ஏர் பிஸ்டலில் போடும் சிறு ஈயக் குண்டு) 4.49, 4.50, 4.51 என்று மூன்று டப்பா விற்கிறார்கள். 0.01 மி.மீ.யில் என்ன வந்துவிடப் போகிறது?

அந்த எண் மி.மீ.யில் பெல்லட்டின் தலை விட்டம். குழலுக்குள் சுருளாக ஓடும் ரைஃப்ளிங் மேடுகளில் பதிந்து நேராகப் போவது தலையின் வேலை. பின்னால் விரிந்திருக்கும் ஸ்கர்ட் காற்றை அடைத்துக்கொள்கிறது. தலை சிறுத்திருந்தால் பெல்லட் உள்ளேயே லேசாக ஆடி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு சாய்வில் வெளியேறும். பருத்திருந்தால் உரசல் கூடி வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். ஒரே மாடல் பிஸ்டல் இரண்டை எடுத்தாலும் குழல்கள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே நண்பருக்கு 4.50 சரிப்பட்டது என்பது உங்கள் பிஸ்டலுக்குச் சாட்சி ஆகாது. அதோடு, பெல்லட் செய்யும் அச்சு தேயத் தேய அதே எண்ணுள்ள டப்பாக்களும் பேட்ச் வாரியாக மாறும். பொருந்திய டப்பாவின் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே பேட்சில் மொத்தமாக வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டு வசதியில் எப்படிச் சோதிப்பது?

கையில் பிடித்துச் சுட்டால் சோதிக்கப்படுவது பெல்லட் அல்ல, உங்கள் கை. அசையாத மேசையில் கிளாம்ப் வேண்டும். இடுக்கும் இடத்தில் தோலோ ரப்பரோ வையுங்கள். குழலையே இறுக்கிப் பிடித்தால் அது வளைந்து பொய் சொல்லும். பிஸ்டலின் உடல் பகுதியைப் பிடியுங்கள். தூரம் 10 மீட்டர், பின்னால் பெல்லட் தடுப்பு, கண்ணில் கண்ணாடி. முதல் நாலைந்து ஷாட்டில் பிஸ்டல் கிளாம்பில் படிந்து உட்காரும். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேறு வகைக்கு மாறும்போதும் முதல் ஐந்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

பிறகு வகைக்கு 10 ஷாட் வீதம் மூன்று அட்டை. முப்பதையும் ஒரே மூச்சில் சுடாமல், முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை, மறுபடி முதல் வகை என்று சுழற்றுங்கள். நடுவில் கிளாம்ப் தளர்ந்தாலும் காற்றழுத்தம் இறங்கினாலும் அந்தப் பழி ஒரு வகை மேல் மட்டும் விழாது. தட்டைத்தலை பெல்லட் தாளை வட்டமாக வெட்டும் என்பதால் அளப்பது எளிது. மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புகளை வெர்னியர் காலிப்பரால் அளந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும், அதுதான் அந்த ஷாட் தொகுப்பின் அளவு. தாள் ஓட்டை பெல்லட்டைவிடக் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். எல்லா அட்டைக்கும் அதே குறை என்பதால் ஒப்பிடுவதற்குக் கேடில்லை.

அதே டப்பா, முதல் ஐந்து ஷாட் 3 மி.மீ., அடுத்த ஐந்து 5 மி.மீ. பிஸ்டலில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஐந்து ஷாட்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். பத்து ஷாட் தொகுப்பு ஐந்து ஷாட் தொகுப்பைவிடச் சராசரியாகக் கால் பங்கு பெரிதாகவே வரும். எனவே ஐந்தைப் பத்தோடு ஒப்பிடாதீர்கள். ஒரு நல்ல அட்டையைப் பார்த்து டப்பாவைத் தேர்ந்தெடுக்கவும் செய்யாதீர்கள்.

பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரித்தால் பலன் உண்டா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் கடக்கும் பெல்லட் சுமார் 22 மி.மீ. கீழே இறங்குகிறது. 0.50 கிராம் பெல்லட்டில் 0.005 கிராம் கூடினால் எடை ஒரு சதவீதம் கூடுகிறது, வேகம் அரை சதவீதம் குறைகிறது, இறக்கம் ஏறக்குறைய 0.2 மி.மீ. மாறுகிறது. இதற்காகத் தராசோடு மாலை முழுக்க உட்கார வேண்டுமா? அந்த நேரத்தில் ஸ்கர்ட்டைப் பாருங்கள். விளிம்பு நெளிந்த பெல்லட் ஒரு பக்கம் காற்றை விட்டு, தனியாகத் தள்ளிப்போய் விழும். கண்ணாடிப் பலகையில் மெல்ல உருட்டினால் நல்லது சீரான வளைவில் ஓடும், நெளிந்தது தத்தும்.

லோடு செய்யும்போது கவனிக்க வேண்டியது?

ஸ்கர்ட் விளிம்பு குழல் முகத்தோடு சமமாக இறங்கும்வரை பெருவிரலால் நேராக அழுத்துங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மூடும்போது நசுங்கும். காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் வெட்டுப்படும், அப்புறம் எந்த பெல்லட் போட்டாலும் வேகம் நிலைக்காது.

குழலைச் சுத்தம் செய்த பிறகு குறி சிதறுகிறதே?

எண்ணெயும் ஈயப்பூச்சும் மறுபடி சமநிலைக்கு வர 10, 20 ஷாட் ஆகும். போட்டிக்கு முந்தின இரவு சுத்தம் செய்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குழலைத் துடைக்கும் ஃபெல்ட் பெல்லட்டை (கம்பளித் துணியாலான பெல்லட்) ஸ்பிரிங் பிஸ்டலில் வெறுமனே சுடாதீர்கள். எதிர்ப்பே இல்லாமல் பிஸ்டன் போய் முட்டும். கம்பியால் தள்ளுங்கள், பின்பக்கமிருந்து வாய்ப்பக்கமாக.

ரைஃபிளுக்கான 0.53 கிராம் பெல்லட் போடலாமா?

தாராளமாக. கொஞ்சம் மெதுவாகப் போவதால் ஓரிரு மி.மீ. தாழ விழும், குறி பார்க்கும் சைட்டைத் திருப்பினால் சரி. எடையைவிட உங்கள் குழலில் தொகுப்பு எப்படி வருகிறது என்பதே முக்கியம்.

60 ஷாட்டில் 600க்கு 540 எடுக்கிறேன். நல்ல பெல்லட் எத்தனை பாயின்ட் தரும்?

அநேகமாக ஒன்றும் தராது. 10 மீட்டர் பிஸ்டல் அட்டையில் தசம மதிப்பெண் 0.1 என்பது 0.8 மி.மீ. தொகுப்பு 4 மி.மீ.யிலிருந்து 2.5 ஆகச் சுருங்கினால் ஷாட் மையத்திலிருந்து விலகும் தூரம் அதிகபட்சம் 0.75 மி.மீ. குறையும். சராசரி 9 எடுக்கும் கை 16 மி.மீ. வரை சாதாரணமாக விலகுகிறது. உங்களுக்கு ஒரே பேட்ச் நடுத்தர பெல்லட் போதும். மிச்சப் பணமும் நேரமும் டிரிகர் பயிற்சிக்கு. 570ஐத் தாண்டிய பிறகு கிளாம்பைத் தேடுங்கள்.

பழைய டப்பாவில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது.

ஈயம் ஈரத்தில் பூத்திருக்கிறது. பயிற்சிக்கும் வேண்டாம், அந்தப் பொடி கையிலும் மூச்சிலும் ஏறும். புது டப்பாவைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். சுட்டு முடித்ததும் சாப்பாட்டைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.